பார்த்தால் அடங்கும் பெட்டி

நரசராவுபேட்டையில் மே மாதத்தில் யாராவது வந்து கம்ப்யூட்டர் சூடாகிறது என்று சொன்னால், "ஏன், நீங்க சூடாகலையா?" என்பேன். இருபது வருஷமாக இதே பதில்தான். அவர்கள் சிரிப்பார்கள். நான் போய் மூடியைக் கழற்றி, ஊதுகுழலால் தூசியை ஊதி, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வருவேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேர் மறுபடி கூப்பிடுவார்கள், நானும் மறுபடி போவேன். இதில் எனக்கு வெட்கம் இருந்ததே இல்லை. வியாதி திரும்ப வந்தால் டாக்டரையா திட்டுகிறோம்?

பானகாலராவ் வீட்டுக்கு அந்த மே மாதம் மட்டும் மூன்று தடவை போனேன்.

அவர் பத்திரம் எழுதுகிறவர். பகலெல்லாம் சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று பேசி முடிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் தெலுங்கில் அடிப்பார். அந்தப் பெட்டியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தவன் நான். தெலுங்கு அடிக்கும் மென்பொருள் போட்டுக் கொடுத்ததும், அந்த ஏப்ரலில் அதற்குப் புதுப் பதிப்பு போட்டுக் கொடுத்ததும் நான். அவர் மகள் லாஸ்யா என்னைப் பாபாய் என்றுதான் கூப்பிடுவாள். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அவளைப் பார்க்கிறேன், அதனால் வந்த சித்தப்பா முறை.

முதல் தடவை போனபோது பானகாலராவின் மனைவி, நான் வதினா, அதாவது அண்ணி என்று கூப்பிடும் வரலட்சுமிதான் கதவைத் திறந்தார்.

"வா முரஹரி, நல்ல நேரத்துக்கு வந்தே. கேஸ் தீர்ந்துபோச்சு. உன் பெட்டி மேல ஒரு தோசை ஊத்திக்கலாம்னு பார்க்கிறேன்."

"ஊத்துங்க வதினா. எனக்கும் ரெண்டு சேர்த்து ஊத்துங்க."

"சிரிக்காத. ராத்திரி பகலா உய்யுன்னு கத்துது. கரண்ட் பில்லு வேற ஏறிப்போச்சு."

லாஸ்யா சிரிக்கவில்லை. "பாபாய், ஒண்ணாம் தேதி எனக்குப் பரீட்சை இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துடுங்க," என்றாள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பி.டெக் உண்டு. அதனால் இந்தப் பரீட்சைகள் எனக்கு அத்துப்படி. ஹைதராபாதில் ஒரு கம்பெனி. ஏற்கெனவே இரண்டு சுற்று தேறிவிட்டாள். மூன்றாவது சுற்றை அவரவர் வீட்டிலிருந்தே எழுத வேண்டும். பூட்டிய அறை, பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது, காமிராவில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எந்தக் கம்ப்யூட்டரை முன்கூட்டிப் பதிவு செய்தோமோ அதில்தான் எழுத வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. படித்து முடித்து இரண்டு வருஷம் தாண்டியவர்களை இப்போது எந்தக் கம்பெனியும் எடுப்பதில்லை. லாஸ்யாவுக்கு ஜூலையோடு இரண்டு வருஷம் முடிகிறது. அவளுக்கு இதுதான் கடைசி வாசல், அதை அவள் சொல்லாமலே அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தூசியை ஊதினேன். ஒரு பிடி பஞ்சு மாதிரி வந்தது. "பார்த்தியா, மூச்சு முட்டிப்போச்சு அதுக்கு," என்றேன். மூடியைப் பூட்டி ஓடவிட்டேன். பத்து நிமிஷம் நன்றாக ஓடியது. பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. மறுபடி அதே சத்தம், அதே சூடு. இரண்டாவது தடவை போனபோது புது காற்றாடி வாங்கிப் போனேன், மூளைச் சில்லு மேல் தடவும் பசையை வழித்துப் போட்டுப் புதிதாகத் தடவினேன். பெட்டி கேட்கவில்லை. மூடியைத் திறந்து வைத்து மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்தேன். அப்போதும் கத்திக்கொண்டிருந்தது. சரி, உள்ளே எது இப்படி உழைக்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஓடுகிற நிரல்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டுகிற பட்டியல் அது. திறந்த மறு நொடியே சத்தம் தணிந்தது. பட்டியலில் பார்த்தால் நான்கு சதவீதம். ஒன்றுமே ஓடவில்லை.

"பாரு, என்னைக் கண்டாலே பயம்," என்றேன்.

இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். என் கை பட்டாலே பெட்டி அடங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனே நான்தான். கடைசியில் நானே அதை நம்பவும் ஆரம்பித்திருந்தேன்.

லாஸ்யா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாபாய், அதை மூடுங்க."

மூடினேன். அரை நிமிஷத்தில் காற்றாடி மறுபடி உய்யென்றது.

"திறங்க."

திறந்தேன். அடங்கியது.

"நாம பார்க்கும்போது மட்டும் அடங்குது. ஏதோ ஒண்ணு ஒளிஞ்சுக்குது பாபாய். ஆன்டிவைரஸ் போட்டு ஒரு தடவை தேடிப் பார்ப்போமா?"

"ஆன்டிவைரஸ் போட்டா முதல்ல உங்க அப்பாவோட தெலுங்கைத் தூக்கிடும். அது நல்லது கெட்டது தெரியாத நாய்ம்மா, வீட்டு ஆளையும் கடிக்கும்."

இதை நான் மட்டும் சொல்லவில்லை. குண்டூரிலிருந்து மாசர்லா வரைக்கும் என் தொழிலில் இருக்கிற எல்லோரும் சொல்வது இதுதான். புதுப் பெட்டி என்றால் முதல் வேலை, ஆன்டிவைரஸைத் தூங்க வைப்பது. அப்புறம் பென் டிரைவைச் செருகி 'செட்' போடுவது. செட் என்றால் தெலுங்கு எழுத்து, கடிதம் கணக்கு எழுதுவது, போட்டோ திருத்துவது, சினிமா பார்ப்பது எல்லாம். ஒன்றும் விலை கொடுத்து வாங்கியதில்லை. பூட்டை உடைத்த சரக்கு, ஒருவரிடமிருந்து ஒருவர் நகல் எடுத்துக்கொள்வோம். பூட்டு உடைத்தவன் யார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நல்ல தண்ணீர் வருகிற குழாயில் ஊர் பேர் விசாரிக்கிறோமா?

பானகாலராவும் அன்று வீட்டில் இருந்தார். தெலுங்கு போய்விடும் என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதெல்லாம் வேணாம்மா. திங்கட்கிழமை மூணு கிரயம் இருக்கு. முரஹரிக்குத் தெரியாதா?"

முரஹரிக்குத் தெரியாதா. அந்தச் சொல்லில் குளிர்ந்துபோய், "பார்மட் அடிச்சிடுறேன். சுத்தமா கழுவி விட்ட மாதிரி ஆயிடும்," என்றேன்.

மூன்றாவது தடவை அதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். ஒரு மணி நேரம் பெட்டி குளிர்ந்து கிடந்தது. உள்ளே கையை வைத்துப் பார்த்து லாஸ்யா முதல் தடவையாகச் சிரித்தாள். வரலட்சுமி மோர் கொண்டுவந்து வைத்தார். மோரைக் குடித்து முடித்துவிட்டு, ஆன்டிவைரஸைத் தூங்க வைத்து, பென் டிரைவைச் செருகி, செட் போட்டேன். வீட்டுக்குப் போய்க் கை கழுவி உட்காருவதற்குள் போன் வந்துவிட்டது.

"பாபாய், மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

"வெயிலும்மா. நாப்பத்தஞ்சு டிகிரி. மனுசனே உருகுறான்."

அவள் அதற்குமேல் என்னைக் கூப்பிடவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு ஓரமாக வைத்துக்கொண்டே படிப்பது, மாதிரித் தேர்வு எழுதுவது. பட்டியல் திறந்திருக்கும் வரை பெட்டி சாதுவாக இருந்தது. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் கம்பெனிக்காரர்கள் ஒரு ஒத்திகை வைத்தார்கள், முகம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று. அதிலும் அப்படியே பட்டியலைத் திறந்து வைத்துத் தேறிவிட்டாள். எனக்குச் சொல்லி அனுப்பினாள். கெட்டிக்காரி என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பரீட்சை. வரலட்சுமி நரசிம்மசாமிக்குப் பானகம் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார், யாரும் மணி அடித்துவிடக் கூடாதென்று. பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, லாஸ்யா கதவைப் பூட்டிக்கொண்டாள். பரீட்சை ஆரம்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் அவர்களுடைய மென்பொருள் திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. டாஸ்க் மேனேஜரும் மூடிக்கொண்டது. பரீட்சை நேரத்தில் வேறெதுவும் திறந்திருக்கக் கூடாது, அது நியாயம்தானே. ஒத்திகையில் அப்படிச் செய்யவில்லை.

ஒரு நிமிஷம் கழித்துக் காற்றாடி கத்த ஆரம்பித்தது. எழுத்து ஒன்றொன்றாக, அவள் அடித்து வெகுநேரம் கழித்து வந்தது. காமிராவில் அவள் முகம் விட்டு விட்டு உறைந்தது. இருபது கேள்வி முடித்திருந்தாள். இருபத்தொன்றாவதில் திரையில் ஒரு வரி வந்தது, உங்கள் கணினியில் அனுமதி இல்லாத நிரல் ஒன்று இயங்குகிறது, அதை நிறுத்துங்கள் என்று. எதை நிறுத்துவது? அவளால் எதையும் திறக்கவே முடியாது. எழுந்து போகவும் கூடாது. காமிராவைப் பார்த்து, "எனக்குத் தெரியல சார், நான் ஒண்ணும் பண்ணல சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். வாசலில் இருந்த வரலட்சுமிக்கு அது கேட்டிருக்கிறது. கதவைத் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறார். நாற்பதாவது நிமிஷத்தில் பெட்டி தானாக அணைந்துவிட்டது.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பரீட்சை நேரத்தில் அவளுடைய கணினியிலிருந்து மறைவான நிரல் ஒன்று வெளியே யாருக்கோ தொடர்ந்து தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது, முறைகேடு என்று கருதி விலக்குகிறோம், எழுத்துப்பூர்வமான விளக்கமும் ஆதாரமும் இருந்தால் ஏழு நாளில் அனுப்பலாம். கீழே அந்த நிரலின் பெயரும், அது எந்தக் கோப்புறையில் ஒளிந்திருந்தது என்பதும் இருந்தது.

லாஸ்யா அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி, "பாபாய், இது என்னன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

கடையில் உட்கார்ந்திருந்தேன். சும்மா என் கம்ப்யூட்டரில் அதே கோப்புறையைத் திறந்து பார்த்தேன். இருந்தது. பழுதுக்கு வந்திருந்த இன்னொரு பெட்டியில் பார்த்தேன். அதிலும் இருந்தது. கடைக் கதவை இறக்கிவிட்டு, ஒரு புதுப் பெட்டியில் விண்டோஸ் மட்டும் போட்டு ஓடவிட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. செட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தெலுங்கு மென்பொருளைப் போட்டதும் காற்றாடி எழுந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அடங்கியது.

பிப்ரவரியில் குண்டூரில் ஒருவனிடம் புதுப் பதிப்பு என்று நகல் எடுத்து வந்தது அது. உள்ளே ஒரு திருடன் உட்கார்ந்திருக்கிறான். எங்கோ இருக்கிற எவனுக்கோ, நம் பெட்டியையும் நம் கரண்டையும் வைத்து, பிட்காயின் மாதிரி இணையக் காசு அரைத்துக் கொடுக்கிறான். யாராவது பட்டியலைத் திறந்தால் மூச்சுவிடாமல் படுத்துக்கொள்கிறான். பிப்ரவரியிலிருந்து நான் எத்தனை வீட்டுக்கு அதைக் கொண்டுபோனேன் என்று எண்ணப் பார்த்தேன். எண்பதுக்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை. சூடாகிறது என்று கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய், துடைத்து, கழுவி, மறுபடி என் கையாலேயே திருடனை உள்ளே உட்கார வைத்துக் கூலியும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண் கண் முன்னால் காட்டினாள். எனக்குப் பயப்படுகிறது என்று சொல்லி இளித்தேன்.

போவதா வேண்டாமா என்று நாள் கடத்தினேன். கடிதம் வந்த ஆறாம் நாள் காலையில் பானகாலராவ் வீட்டுக்குப் போனேன்.

அவர் ஆபீசுக்குக் கிளம்பாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். லாஸ்யா உள்ளே இருந்தாள். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் மகளிடம் பேசவில்லை என்று வரலட்சுமி என்னிடம் வாசலிலேயே சொன்னார். "அடிச்சாக்கூடப் பரவாயில்ல முரஹரி. பேசவே மாட்டேங்கிறார். யாரையோ வெளிய வச்சு எழுதியிருக்கான்னு நினைக்கிறார். அவ சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு."

உள்ளே போய் உட்காராமலே சொன்னேன். "ராவ்காரு, பொண்ணு மேல தப்பே இல்ல. தப்பு என்னுது. நான் போட்ட தெலுங்குலதான் அது வந்திருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூர், பென் டிரைவ், புதுப் பெட்டியில் போட்டுப் பார்த்தது, எல்லாம். லாஸ்யா உள்ளறை வாசலில் வந்து நின்றாள். முகம் வற்றிப்போயிருந்தது. நான் பேசப் பேச அந்த முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தேன்.

"நான் சொன்னேன்லப்பா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பானகாலராவ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிஜமாவா?"

"சாமி சத்தியமா."

"அப்போ எழுதிக் கொடுத்துடு. நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. இவ இங்கிலீஷ்ல மாத்தி இன்னிக்கே அனுப்பிடுவா."

சொன்னதும் அவரே எழுந்து கோடு போட்ட நீளத் தாளை எடுத்தார். முப்பது வருஷமாகப் பிறர் வாக்கை எழுத்தாக்கியவர். பேனா ஓடியது. எழுத எழுதப் படித்துக்கொண்டே போனார்.

"நரசராவுபேட்டை டவுன், சத்தெனபள்ளி ரோட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்தி வருபவரும், காலஞ்சென்ற கோட்டய்யா அவர்களின் குமாரருமான, வயது நாற்பத்து நான்கு உள்ள முரஹரி ஆகிய நான், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு நினைவோடு எழுதிக் கொடுத்தது என்னவென்றால்..." நிமிர்ந்தார். "அந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்கினதா?"

"இல்ல."

"விலை கொடுத்து வாங்காததும், உரிமம் இல்லாததுமான மென்பொருளை, என் தொழிலின் பொருட்டு... எத்தனை வீட்ல போட்டிருப்பே?"

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"சும்மா தோராயமா சொல்லுப்பா."

"இத்தனை வருஷத்துல போட்டது எல்லாம் சேர்த்தா... முன்னூறு, நானூறு இருக்கும். ரெண்டு ஆஸ்பத்திரி, ஒரு ஸ்கூல்."

எழுதினார். ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் எழுத்தில் ஏறியது. போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு கடையில் இப்படித்தான் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் வந்து பதினோரு பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அவன் இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறான். என் கடை என் மனைவி பேரில் இருக்கிறது. காகிதத்தில் என் அப்பா பெயரும் ஏறியிருந்தது. இங்கே வருகிற வரைக்கும் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னதை எழுதுவார்கள் என்று தோன்றவே இல்லை.

தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்து, பேனாவை நீட்டினார்.

வாங்கினேன். பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ராவ்காரு, நான் வேணா போன்ல சொல்றேன். அந்தக் கம்பெனிக்காரங்க யார்கிட்ட வேணாலும் பேசறேன். எழுத்துல மட்டும்..."

"போன்ல சொன்னா அது பேச்சு. அவங்க எழுத்துல கேட்டிருக்காங்க."

"வீடு எண்ணிக்கை, ஆஸ்பத்திரி இதெல்லாம் இல்லாம..."

"எடுத்துடறேன். வெறுமனே நான் போட்டேன்னு மட்டும் எழுதறேன். போடுவியா?"

லாஸ்யா மெதுவாக, "பாபாய்," என்றாள்.

நான் பேனாவைத் தாளின் மேல் வைத்தேன். வைத்தேனே தவிர, கை நகரவில்லை. பிறகு பேனாவை மேசையில் போட்டுவிட்டேன்.

பானகாலராவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பேனாவை எடுத்து மூடி போட்டு, தாளை இரண்டாக மடித்து, எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார்.

"பரவாயில்ல முரஹரி. உனக்கு நல்ல மனசு. உன் கண் முன்னால வளர்ந்த பொண்ணு, அழறாளேன்னு அவ பழியை நீ ஏத்துக்க வந்தே. ஆனா பொய்க்குக் கையெழுத்துப் போட உன்னால முடியல. என் மேசைக்கு எதிர்ல இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். வாய் என்ன வேணா சொல்லும், கை வராது."

மகள் பக்கம் திரும்பினார். ஐந்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவளிடம் பேசினார்.

"பார்த்தியா? உனக்காக ஒரு மனுசனை எவ்வளவு தூரம் இறங்க வச்சுட்டே."

இல்லை ராவ்காரு, நான் சொன்னது நிஜம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தைதான். சொன்னால் மறுபடி பேனாவை நீட்டுவார். அதனால் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

லாஸ்யா அழவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. நான் செருப்பை மாட்டி, வாசல் தாண்டி, வண்டியைக் கிளப்புகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.